மார்க்கோனியும் ஒரு மந்திரவாதியும்

சிட்னியின் வடக்கே வாரூங்கா என்றொரு புறநகர். அங்கே ஒரு தெருமுனையில் ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேரடியாக வந்த முதல் கம்பியில்லாத் தந்தி, 1918 செப்டம்பர் 22 அன்று, அங்கே எர்னஸ்ட் ஃபிஸ்க் என்பவரின் வீட்டில்தான் பெறப்பட்டது. அனுப்பியது வேல்ஸில் இருந்த மார்க்கோனி நிலையம். மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு மார்க்கோனி என்றதும் இன்னொரு சம்பவமும் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர்கள் பிறப்பதற்கு முன்பே ஒரு ஹேக்கரிடம் மாட்டிக்கொண்டவர் அவர்!

குலியெல்மோ மார்க்கோனி 1874 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் போலோன்யா நகரில் பிறந்தார். அப்பா நிலக்கிழார். அம்மா ஆன்னி, அயர்லாந்தின் ஜேம்ஸன் விஸ்கி குடும்பத்துப் பெண். மார்க்கோனி கல்லூரிப் பட்டம் எதுவும் பெறவில்லை. மின்காந்த அலைகளை நிரூபித்த ஹெர்ட்ஸ் 1894இல் இறந்தபோது, அவருடைய ஆய்வுகளைப் படித்து, அந்த அலைகளில் செய்தி அனுப்பினால் என்ன என்று யோசித்தார். 1895இல் ஒரு குன்றுக்கு அப்பால் அண்ணன் அல்ஃபோன்ஸோவை நிறுத்தி சமிக்ஞை அனுப்பினார். கிடைத்ததும் அண்ணன் துப்பாக்கியால் சுட்டுத் தெரிவித்தாராம்.

அடுத்த ஆண்டு லண்டன், 1897இல் சொந்தக் கம்பெனி, 1899இல் ஆங்கிலக் கால்வாய், 1901 டிசம்பர் 12இல் அட்லாண்டிக் என்று மளமளவென வளர்ந்தார். அட்லாண்டிக் சோதனையில் கேட்டது ஒரே ஒரு எழுத்து. அதையும் சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு.

கடலடியில் கம்பி போட்டுப் பெரும் பணம் முடக்கியிருந்த தந்திக் கம்பெனிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காற்றில் போகும் செய்தியை யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாமே என்ற கேள்வியும் எழுந்தது. தன் கருவிகள் குறிப்பிட்ட அலைநீளத்துக்கு இசைவிக்கப்பட்டவை, வேறு யாராலும் கேட்க முடியாது என்றார் மார்க்கோனி. அதே அலைநீளத்துக்கு இன்னொருவரும் இசைவித்தால் கேட்கும் என்பதுதான் உண்மை. அது பூட்டு அல்ல, வெறும் கதவிலக்கம்.

இதை நிரூபிக்கக் கிளம்பியவர் நெவில் மாஸ்கலின், மேடை மந்திரவாதி. கம்பியில்லாத் தந்தியில் அவருக்கும் ஆர்வம். ஆனால் மார்க்கோனியின் காப்புரிமைகள் வழிமறித்தன. போட்டியாளரான ஈஸ்டர்ன் டெலிகிராஃப் கம்பெனி அவரை அமர்த்தியது. மார்க்கோனியின் செய்திகளை எளிதாகப் பிடித்த அவர், 1902இல் அதை ஒரு தொழில்நுட்ப இதழில் எழுதியும் விட்டார். ஆனாலும் மார்க்கோனி தரப்பின் பேச்சு மாறவில்லை.

1903 ஜூன் 4. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர் ஃப்ளெமிங் சொற்பொழிவு. கார்ன்வாலிலிருந்து மார்க்கோனியின் செய்தி வர வேண்டும். அதற்குச் சற்று முன் கருவி தானாகத் தட்டத் தொடங்கியது. எலிகள் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மார்க்கோனியை ஏமாற்றுக்காரராகக் கிண்டலடிக்கும் பாட்டு! ஃப்ளெமிங் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுதினார். செய்தது நான்தான் என்று மாஸ்கலினும் பத்திரிகையிலேயே ஒப்புக்கொண்டார்.

மார்க்கோனியின் புகழ் இதனால் குறையவில்லை. 1909இல் பிரவுனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது 700க்கும் மேற்பட்டோர் பிழைக்க அவருடைய கருவி உதவியது. அபயக் குரலை எந்தக் கப்பலும் கேட்க முடிந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. ரகசியத்துக்குக் குறையாக இருந்தது, உயிர் காக்க வரமானது. 1930 மார்ச் 26 அன்று ஜெனோவாவில் தன் கப்பலிலிருந்தபடியே சிட்னி டவுன் ஹாலின் விளக்குகளை எரியவைத்தார். முஸோலினியின் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வின் கறை. 1937 ஜூலை 20 அன்று ரோமில் காலமானார்.

2022இல் ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ், மெடிபேங்க் இரண்டிலும் தலா 90 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருடுபோயின. பணம் கேட்டு மிரட்டலும் வந்தது. அது சந்தேகமில்லாமல் குற்றம். மாஸ்கலின் அப்படிப்பட்டவர் அல்ல, புனிதரும் அல்ல. கூலியும் இருந்தது, பொறாமையும் இருந்தது. ஆனால் அவர் காட்டிய ஓட்டை நிஜம். முதலில் எழுத்தில் சொன்னார், பிறகுதான் மேடையில் மானத்தை வாங்கினார். ஓட்டையைச் சொல்பவரின் நோக்கத்தை ஆராய்வதில் தவறில்லை. ஆனால் ஓட்டையை அடைத்துவிட்டு ஆராயலாம்.