2,000 ரூபாய்க்கு 2 சீட்டர் கார்... ஜி.டி.நாயுடுவின் கார் சாலைக்கு வராமல் போனது ஏன்?

கார் ஷோரூமுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல கண்ணுல படுறது பளபளன்னு நிக்கிற வண்டி. அடுத்தது அதோட விலை அட்டை. அதிலும் ரெண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்னா, விலையைக் கேட்ட உடனேயே பலர் திரும்பிடுவாங்க. கொஞ்சம் தைரியம் உள்ளவங்க மட்டும் உட்கார்ந்து பேரம் பேசுவாங்க.

ஆனால், 70 வருஷத்துக்கு முன்னாடியே கோயம்புத்தூரில் ஒருவர் ரெண்டு சீட் உள்ள பெட்ரோல் காரை உருவாக்கி, அதன் விலை வெறும் 2,000 ரூபாய் என்று சொன்னார். பேரமே தேவைப்படாத விலை. அந்தக் கார் மக்கள் கைக்கு வரவே இல்லை.

அவர்தான் ஜி.டி.நாயுடு. கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபர் 9-ம் தேதி திறக்கப்பட்ட 10.1 கி.மீ. நீள மேம்பாலத்துக்கு இவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடும் பாலம். ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் செய்த கார் அதில் ஒன்றுகூட இல்லை. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-ம் தேதி, கோவை மாவட்டம் சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது. பிறகு தோட்ட வேலைதான்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இழுக்காமல், குதிரை இழுக்காமல் தானாக ஓடும் வண்டியைப் பார்த்த இளைஞர் நாயுடுவுக்கு அன்றைக்குத் தூக்கம் போனது. எப்படியாவது அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கையில் காசு இல்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் செலவு செய்யாமல் வருஷக்கணக்கில் சேர்த்து, கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கியேவிட்டார். 1912-ம் ஆண்டு ரட்ஜ் கம்பெனி தயாரிப்பு அது.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்து பெருமை காட்டியிருக்கலாம். ஆனால் நாயுடு முதலில் செய்த காரியம், வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றியதுதான். எந்த பாகம் எதற்கு, எது எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை. ஒரு பொருளின் விலையைக் கேட்டு அவர் மலைத்துப்போனதில்லை. அதைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பதற்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுகிறவராக அவர் மாறினார்.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதலில் லாபம் வந்தது. பிறகு பம்பாய் போய் பருத்தி வியாபாரம் செய்து, இருந்ததையும் இழந்தார். ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவருடைய உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு.

அந்த பஸ்ஸை ஓட்டியதும் அவரேதான். ரூட்: பொள்ளாச்சி - பழனி.

இந்த ரூட்டைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு புரியும். பழனிக்கு முருகன் பக்தர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. ஆனால் அன்றைக்கு மோட்டார் வண்டி என்பதே அந்தப் பக்கத்துக்குப் புதுசு. தெற்கே தெரியும் பழனி மலைத்தொடரையே எடுத்துக்கொள்ளலாம். பெருமாள்மலை, செண்பகனூர் வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் மோட்டார் வண்டிகள் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதுவரை மலைக்குப் போகிறவர்கள் நடந்தோ, மட்டக்குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோதான் போக வேண்டும். செண்பகனூரில் 1895-ல் இயேசு சபையினர் கல்லூரி தொடங்கியதுகூட அப்படிப்பட்ட காலத்தில்தான்.

அதாவது, மோட்டார் வண்டி என்றாலே துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரியது என்று இருந்த நேரம். அந்த வண்டியில் டிக்கெட் வாங்கி உட்காரும் இடத்தைச் சாதாரண ஜனங்களுக்குக் கொடுத்தது பஸ்.

ஒரு பஸ் பல பஸ்களானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்ற அவருடைய நிறுவனம் நாட்டின் சிறந்த பஸ் நிறுவனங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. ஓட்டல் சர்வர் வேலையிலிருந்து தொடங்கியவர், 20 வருஷத்துக்குள் தென்னிந்தியாவின் முக்கியத் தொழிலதிபர் ஆனார்.

விலை அட்டையைக் கேள்வி கேட்டவர்

அடுத்து நாயுடுவின் கண் வெளிநாட்டுப் பொருட்கள் மேல் விழுந்தது. மோட்டார், ரேடியோ, ரேசர் என எல்லாமே கப்பலில் வந்து இறங்கின. வந்த விலைதான் விலை. வாங்குகிறவர் வாயே திறக்க முடியாது. ஏன்னா, இங்கே செய்கிறவர் யாரும் இல்லை.

1937-ல் கோவை பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில் மின் மோட்டார் தயாரானது. இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று சொல்லப்படுவது இதுதான். இந்த முயற்சியில் அவரோடு இருந்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர். இன்றைக்கு மோட்டார் பம்ப்செட் என்றாலே கோயம்புத்தூர் என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கு ஆரம்பம் இங்கேதான்.

பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ரேடியோ. 1941-ல், 5 வால்வு ரேடியோ செட்டை 70 ரூபாய்க்குத் தன்னால் இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது வசதியான வீடுகளின் கூடத்தில் மட்டும் இருந்த காலம் அது. அவர் வாய்ப்பேச்சில் விலையைக் குறைக்கவில்லை. இதையே இவ்வளவுக்குச் செய்யலாம் என்று காட்டுவதுதான் அவருடைய பேரம்.

அந்த 2,000 ரூபாய் கார்

1952. சுதந்திரம் கிடைத்து 5 வருஷம். நாயுடுவுக்கு வயது 59.

ரெண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். அன்றைக்குச் சந்தையில் இருந்த புதுக் கார்களின் விலை இதைவிடப் பல மடங்கு அதிகம்.

இப்போ 2 சீட்டர்னு சொன்னா நமக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஞாபகம்தான் வரும். வேகம், ஸ்டைல், கோடிகளில் விலை. நாயுடுவின் 2 சீட்டர் அதற்கு நேர் எதிர். சீட்டைக் குறைத்தால் எடை குறையும், எடை குறைந்தால் சின்ன இன்ஜினே போதும், செலவும் இறங்கும். சிறிய கார்களின் அடிப்படைக் கணக்கே இதுதான்.

கார் தயார். ஆனால் அதைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்து விற்க அரசின் உரிமம் வேண்டும். அது கிடைக்கவில்லை. உற்பத்தி நின்றுபோனது.

உரிமம் ஏன் அவ்வளவு முக்கியம்?

இன்றைய தலைமுறைக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். சொந்தப் பணம், சொந்தத் தொழிற்சாலை, சொந்தக் கார். இதற்கு எதற்கு அனுமதி?

தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1951-ல் நிறைவேறி, 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் உள்ள தொழில்களில் யார் தொழிற்சாலை தொடங்கலாம், என்ன தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் முறை வந்தது. பின்னாளில் இதற்கு லைசென்ஸ் ராஜ் என்றே பெயர் வந்துவிட்டது.

அரசு தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. புதிதாகச் சுதந்திரம் அடைந்த நாட்டில் இரும்பும் அந்நியச் செலாவணியும் கொஞ்சம்தான் இருந்தன. அதைக் காருக்குக் கொடுப்பதா, டிராக்டருக்கும் லாரிக்கும் கொடுப்பதா என்பது உண்மையான கேள்வி. கார் கம்பெனிகள் நிறைய வேண்டாம், இருக்கும் சிலவே போதும் என்ற போக்கு உருவானது. உள்நாட்டில் முழுமையாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற நிலை வந்ததும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் இந்தியாவை விட்டே கிளம்பின.

கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயர்கள்தான் கார் சந்தையில் நிலைத்தன. அந்தப் பட்டியலில் கோவைக்கு இடம் இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

இங்கேதான் கதை தலைகீழாகத் திரும்புகிறது. போட்டி இல்லாத சந்தையில் விலை குறைத்துக் கேட்பது எப்படி? கார் வேண்டும் என்றால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விலையையும் விநியோகத்தையும் அரசு கட்டுப்படுத்தியது. ஆனாலும் சீக்கிரம் வண்டி வேண்டும் என்பவர்கள், ஏற்கனவே வண்டி கிடைத்தவரிடம் போய் அட்டை விலைக்கு மேலே பணம் கொடுத்து வாங்கினார்கள். காருக்கு மட்டுமில்லை, ஸ்கூட்டருக்கும் இதே நிலைதான்.

யோசித்துப் பாருங்க. இன்றைக்கு ஸ்டிக்கர் விலையிலிருந்து எவ்வளவு குறைப்பீங்கன்னு கேட்கிறோம். அன்றைக்கு ஸ்டிக்கர் விலைக்கு மேல எவ்வளவு வேணும்னு கேட்டாங்க.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் சின்னக் கார் என்ற எண்ணம் நடுத்தரக் குடும்பத்தை எட்டியது. அதற்கும் அரசே முன்னின்று ஜப்பானின் சுஸுகியைக் கூட்டு சேர்க்க வேண்டியிருந்தது. நாயுடுவின் காருக்குப் பிறகு 31 வருஷம் ஓடியிருந்தது. கார் தயாரிக்க உரிமம் தேவையில்லை என்ற நிலை வந்தது 1993-ல்.

நாயுடுவின் கார் வந்திருந்தால் கண்டிப்பாக வெற்றி பெற்றிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2009-ல் 1 லட்ச ரூபாய் கார் என்ற அறிவிப்போடு டாடா நானோ வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, கடைசியில் உற்பத்தியே நின்றது. விலை குறைவு மட்டும் ஒரு காரை ஓட வைத்துவிடாது. ஆனால் நானோவுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. வேண்டாம் என்று முடிவு செய்தது அதை வாங்க வந்த ஜனங்கள். நாயுடுவின் காருக்கு அந்தத் தேர்வை எழுதவே அனுமதி கிடைக்கவில்லை.

கடைசி வருஷங்கள்

நாயுடு ஓய்ந்துவிடவில்லை. படிக்காதவர் என்று ஊர் சொன்ன மனிதர், தொழிற்கல்விக்காக நன்கொடை கொடுத்தார். ஆர்தர் ஹோப் பெயரில் 1940-களில் கோவையில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் அவர். அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் படிப்புக்கு 4 வருஷம் தேவையில்லை, 2 வருஷம் போதும் என்று வாதாடினார். அதிலும் அரசோடு கருத்து வேறுபாடு வந்து விலகினார்.

பருத்திச் செடியை ஆளுயரத்தைத் தாண்டி வளர்ப்பது போன்ற விவசாய ஆராய்ச்சிகள் தொடர்ந்தன. 1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவருடைய குடும்பத்தினர் நடத்தும் கார் அருங்காட்சியகத்தில் உலகத்தின் பல பழைய கார்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

கார் வாங்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம்

நாயுடுவின் வாழ்க்கையிலிருந்து ரெண்டு விஷயங்களை எடுத்துக்கலாம்.

ஒன்று, அட்டையில் இருக்கும் விலையை மொத்தமாகப் பார்க்காமல் பிரித்துப் பார்ப்பது. ஆன்-ரோடு விலையில் காரின் ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், கூடுதல் உபகரணங்கள் எல்லாம் இருக்கும். வரியில் யாராலும் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. டீலரின் லாபப் பங்கு, இன்சூரன்ஸ், உபகரணங்கள், பழைய காருக்கான எக்ஸ்சேஞ்ச் மதிப்பு ஆகியவற்றில்தான் பேச இடம் உண்டு. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்த நாயுடுவைப் போல, பில்லைக் கழற்றிப் பார்க்கணும். அவ்வளவுதான்.

ரெண்டாவது, பேரம் பேசும் பலம் பேச்சுத் திறமையில் பாதிதான். மீதி பாதி, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஷோரூம் திறந்திருப்பதில் இருக்கு. இவர் தரலேன்னா அங்கே போறேன்னு எழுந்திருக்க முடிஞ்சாதான் விலை இறங்கும். அந்தக் காலத்து ஜனங்களுக்கு எழுந்துபோக இடமே இல்லை.

1952-ல் அந்த எதிர்க்கடையைத் திறக்கத்தான் நாயுடு முயற்சி செய்தார். அவிநாசி சாலை மேம்பாலத்தில் அடுத்த முறை போகும்போது, அந்தப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டால், 2,000 ரூபாய் 2 சீட்டரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கலாம்.