ராமானுஜன் தவறவிட்ட அந்த ஒரு நம்பர்!

பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டிருப்பீங்க. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப்பல் சேர்த்து வதக்கின சிக்கன், தட்டுல 12 துண்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. 2, 3, 4, 6 பேர்னு எத்தனை பேர் உட்கார்ந்தாலும் சமமா பிரிச்சுக்கலாம். அதுவே 11 துண்டுன்னா? பஞ்சாயத்துதான்!

இந்தப் பங்கு பிரிக்கிற கணக்கை லட்சம் கோடிகளுக்குக் கொண்டுபோனவர் சீனிவாச ராமானுஜன். பள்ளிபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வர்ற ஈரோட்டில், பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22-ல் பிறந்தவர்.

வளர்ந்தது கும்பகோணத்தில். கணக்கில் புலி. மத்த பாடங்களில் கோட்டை விட்டதால், அங்கே அரசுக் கல்லூரியில் கிடைச்ச ஸ்காலர்ஷிப் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு மாறியும் எஃப்.ஏ தேர்வில் ஃபெயில். இன்னிக்கு பள்ளிபாளையத்தில் பெரிய பேப்பர் மில்லே ஓடுது. அன்னிக்கு அவருக்கு பேப்பர் வாங்கவே காசில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழிச்சுட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதிவெச்சார்.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் போட்டார். 1914-ல் இங்கிலாந்துக்கே கப்பல் ஏறினார்.

அங்கே 1915-ல் வெளியிட்ட ஆய்வில்தான் நம்ம சிக்கன் கணக்கு வருது. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12-னு ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக காரணிகள் வெச்சிருக்கிற எண்ணுக்கு, ‘ஹைலி காம்போசிட் நம்பர்’னு பேர் வெச்சார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60-னு போகிற வரிசையை 67,46,32,83,88,800 வரை பட்டியல் போட்டார். இந்தக் கடைசி எண்ணுக்கு 10,080 காரணிகள்! கம்ப்யூட்டரே இல்லாத காலம் அது.

முதல் உலகப்போர் நேரம். லண்டன் கணிதச் சங்கத்திடம் பணம் இல்லாததால், ஆய்வின் ஒரு பகுதி அச்சாகவே இல்லை. அது முழுசா வெளிவந்தது 1997-ல். ஆனா, அச்சான பகுதியே போதுமானதா இருந்தது. எஃப்.ஏ-வில் ஃபெயிலானவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ பட்டம் கொடுத்தது, இந்த ஆய்வுக்காக.

1917-ல் உடம்பு படுத்த ஆரம்பிச்சது. 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தப்போ வயசு வெறும் 32.

சரி, தவறவிட்ட நம்பர்? பட்டியலில் இருந்த எண்கள் 102. வந்திருக்க வேண்டிய ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. மேதைக்கும் கணக்கில் ஒரு எண் நழுவும்!

இப்போ மொபைல் கால்குலேட்டரைத் திறந்து, அந்த எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்க. ராமானுஜன் பட்டியலோட கடைசி நம்பரே வந்து நிற்கும்!