ராஜ்யபாரத்துக்கு நடுவில் ஒரு பக்தர் – மகாராஜா ஸ்வாதித் திருநாள்

பகவானை நினைக்க நேரமே கிடைப்பதில்லை என்று நம்மில் பலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. திருவனந்தபுரம் ஆரியசாலையில் வசிக்கும் எனக்கும் அது புரியும். சாலைக் கம்போளத்தின் இரைச்சல் அப்படிப்பட்டது. ஆனால் நவராத்திரி வந்துவிட்டால் இதே ஆரியசாலைக் கோயிலில் வேளிமலை குமாரஸ்வாமி வந்து எழுந்தருளுகிறார். பத்மநாபபுரத்து ஸரஸ்வதி தேவி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலிலும் இருப்பார்கள். இந்த வைபவம் திருவனந்தபுரத்தில் நிலைபெற்றது மகாராஜா ஸ்வாதித் திருநாள் காலத்தில் என்பார்கள்.

அவர் 1813-ம் வருஷம் ஏப்ரல் 16-ம் தேதி ஸ்வாதி நக்ஷத்திரத்தில் பிறந்தார். கர்ப்பத்தில் இருக்கும்போதே ராஜ்யத்துக்கு உரியவராகிவிட்டதால் அவருக்கு 'கர்ப்பஸ்ரீமான்' என்று பெயர். 1815-ல் தாயார் கௌரி லக்ஷ்மி பாய் காலமானார். சிற்றன்னை கௌரி பார்வதி பாய் வளர்த்து, ராஜ்யத்தையும் கவனித்து வந்தார். தஞ்சாவூர் சுப்பராவ் அவருக்கு ஆசிரியர். 1829-ல், 16-வது வயதில் ராஜ்யப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் அவர் செய்த காரியங்களைப் பார்த்து வியக்கிறேன். கொல்லத்திலிருந்த ஹுஜூர் கச்சேரியைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். 1834-ல் ஆங்கிலப் பள்ளிக்கூடம், 1836-ல் ஜனத்தொகைக் கணக்கு, அதையடுத்து ஜான் கால்டிகாட்டின் மேற்பார்வையில் வானிலை ஆராய்ச்சிக்கும் நக்ஷத்திர ஆராய்ச்சிக்குமான நோக்குக்கூடம். விஞ்ஞானம் படித்த எனக்கு இந்தக் கடைசிக் காரியத்தில் தனி மதிப்பு உண்டு.

இத்தனைக்கும் நடுவில் சுமார் 400 கீர்த்தனங்களை ஸம்ஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், ஹிந்துஸ்தானி ஆகிய பாஷைகளில் இயற்றினார். பெரும்பாலானவற்றில் பத்மநாபன் என்ற முத்திரையோ அதே பொருளுள்ள வேறு பெயரோ இருக்கும். தஞ்சை வடிவேலு முதலிய நால்வர் அவருடைய சபையில் இருந்தார்கள்.

இது எப்படி சாத்தியமாயிற்று? 1750-ல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபஸ்வாமிக்கு அர்ப்பணம் செய்துவிட்டார். அதன்பின் வந்த ராஜாக்கள் பத்மநாபதாஸர்கள். ஆகவே கச்சேரி வேலையும் சேவைதான். அதோடு ஸ்வாதித் திருநாள் வழிபாட்டுக்குத் தேதியும் முறையும் வகுத்துக்கொண்டார். நவராத்திரி ஒன்பது நாளுக்கு ஒன்பது கீர்த்தனங்கள். முதல் நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி. இன்றும் அந்த மண்டபத்தில் அந்த வரிசை மாறுவதில்லை. கச்சேரி முடியும்வரை யாரும் கைதட்டுவதுமில்லை. நாட்குறிப்பில் தேதி போடாத காரியம் நடக்காது என்பது ஆபீஸில் நாம் எல்லோரும் கண்டதுதானே!

அவருக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. 1840-ல் ரெஸிடெண்டாக வந்த ஜெனரல் கல்லன் நிர்வாகத்தில் ஓயாமல் தலையிட்டார். மகாராஜா மனம் நொந்து, கடைசி வருஷங்களில் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். பக்தி இருந்தால் மனவேதனையே வராது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு வந்தது. அதிகாரம் கையைவிட்டு நழுவியபோதும் பத்மநாபஸ்வாமியின் சந்நிதி மட்டும் அவருக்கு மிஞ்சியது.

1846 டிசம்பரில் அவர் காலமானபோது வயது 33. ரிடையர் ஆனபின் நிதானமாக ஜபம் செய்யலாம் என்று நம் அங்கத்தினர்களில் சிலர் எண்ணுவதுண்டு. அந்த மகாராஜா ஓய்வுக் காலத்துக்காகக் காத்திருந்தால், நவராத்திரி மண்டபத்தில் இன்று பாட ஒன்றும் இருந்திருக்காது. எந்த ஊரில் இருந்தாலும் ஸாயங்காலம் விளக்கேற்றியபின் பத்து நிமிஷம் டி.வி.யையும் டெலிபோனையும் நிறுத்திவிட்டு உட்காருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தை வேறு எந்த வேலைக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.