தெருவில் நடந்தவர்களைப் பார்த்தே நோயை அடையாளம் கண்ட டாக்டர்: யார் இந்த பார்க்கின்சன்?

வீட்டில் பெரியவர்களுக்குக் கை நடுங்கினால், வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். 200 வருஷத்துக்கு முன்பு லண்டனிலும் இதே கதைதான். அப்படி விடாமல் உற்றுப் பார்த்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

யார் இவர்?

1755 ஏப்ரல் 11-ல் லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டனில் பிறந்தார். மருத்துவரான அப்பாவிடமே தொழில் கற்று, அதே ஊரில் வைத்தியம் பார்த்தார். ஆனால் மனுஷர் அதோடு நிற்கவில்லை. ஓல்டு ஹியூபர்ட் என்ற புனைபெயரில் அரசை விமர்சித்து எழுதினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாக எழுந்த புகாரில், 1794-ல் பிரிவி கவுன்சில் இவரையும் விசாரித்தது. புதைபடிவங்கள் மீதும் தீராத ஆர்வம். 1807-ல் லண்டனில் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர்.

6 பேர், ஒரு கட்டுரை

1817-ல், 62 வயதில், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் இருந்தது 6 பேரின் கதை மட்டுமே. அதிலும் 2 பேர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. சும்மா இருக்கும்போது கை நடுங்குவது, முன்னோக்கி வளைந்த உடல், ஓட்டம்போல மாறும் நடை... தனித்தனியாகத் தெரிந்த இவையெல்லாம் ஒரே நோய் என்று சொன்னார்.

காரணம் மட்டும் பிடிபடவில்லை. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் கோளாறு என்று ஊகித்தார். அது ஊகம்தான் என்று ஒளிக்காமல் எழுதினார். மற்றவர்கள் ஆராயட்டும் என்றுதான் வெளியிட்டார்.

1824 டிசம்பரில் இறந்தார். பல பத்தாண்டுகள் கழித்து, பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார். இணையத்தில் அவருடையது என்று சுற்றும் புகைப்படங்களை நம்ப வேண்டாம். கேமரா புழக்கத்துக்கு வரும் முன்பே அவர் போய்விட்டார்.

இன்று என்ன நிலை?

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதே பிரச்சினை என்பது 20-ம் நூற்றாண்டில் தெரிந்தது. 1960-களில் லெவோடோபா மருந்து வந்தது. தண்டுவட நீரில் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தின் கோளாறைக் கண்டறியும் சோதனை பற்றி 2023-ல் பெரிய ஆய்வு வெளியானது. ஸ்டெம் செல்லில் உருவாக்கிய செல்களை மூளையில் செலுத்திய கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. அதில் பங்கேற்றவர்கள் 7 பேர்தான். முழுமையாகக் குணப்படுத்தும் சிகிச்சை இன்னும் இல்லை.

இன்றும் டாக்டர் முதலில் நடக்கச் சொல்லித்தான் பார்க்கிறார். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. ஆனால் அப்பாவின் கையெழுத்து சிறுத்துப்போனாலோ, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருந்தாலோ, வயசு மேல் பழி போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.