நாக்-அவுட்டா, லீக்கா, பூலா? பாஸ்கெட்பால் ஃபிக்ஸ்சர் கணக்கும் மெட்ராஸுக்கு வந்த ஹாரி குரோ பக்கும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கல்லூரி பாஸ்கெட்பால் டோர்னமென்ட் என்றால், முதல் நாள் காலையில் கூட்டம் மொய்ப்பது ஃபிக்ஸ்சர் ஒட்டிய நோட்டீஸ் போர்டைத்தான். நம்ம டீம் எந்த பூல்? கூட யார் யார்? பாதி டென்ஷன் அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

அந்த அட்டவணையைப் போடுவது பி.டி. சார். அந்த வேலைக்கு முறையான படிப்பு வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே மெட்ராஸில் ஒரு பள்ளி தொடங்கினார் ஓர் அமெரிக்கர். அவர்தான் ஹாரி குரோ பக்.

யார் இவர்?

1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர் பக். படித்தது ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையை ஜிம்மின் பால்கனியில் மாட்டி பாஸ்கெட்பாலை உருவாக்கியது இதே பள்ளியில்தான்.

1919-ல் பக் மெட்ராஸ் வந்தார். அப்போது பல பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்பு என்றால், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நடத்தும் டிரில்தான். விளையாட்டைக் கற்றுத்தரும் ஆசிரியரையே முதலில் உருவாக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். 1920-ல் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியத் தடகள அணியை அழைத்துப்போனதும் பக்தான். விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் எழுதிய புத்தகம் மைதானங்களுக்குக் கைடு ஆனது. 1934-ல் டெல்லியில் முதல் தேசிய ஆடவர் பாஸ்கெட்பால் போட்டி நடந்தது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் முறைப்படி இடம்பெற்றது. 1943-ல் மெட்ராஸிலேயே பக் காலமானார்.

ஃபிக்ஸ்சரில் என்ன இருக்கு?

உடற்கல்வி படிக்கும் எல்லோரும் கற்கும் அடிப்படைக் கணக்கு இது. 16 அணிகள் வந்தால், நாக்-அவுட்டில் 15 மேட்ச் போதும். செலவு குறைவு, இரண்டு நாளில் முடித்துவிடலாம். ஆனால் கைக்காசு போட்டு பஸ் ஏறி வந்த எட்டு அணிகள், ஒரே மேட்ச்சோடு பெட்டியைக் கட்டணும். இன்னொரு சிக்கலும் உண்டு. சீடிங் இல்லாமல் குலுக்கிப் போட்டால், இரண்டாவது சிறந்த அணி முதல் அணி இருக்கும் பாதியிலேயே மாட்டிக்கொள்ள 15-ல் 7 வாய்ப்பு. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி!

லீக் முறையில் எல்லோரும் எல்லோரோடும் ஆடுவார்கள். நியாயம்தான், ஆனால் 120 மேட்ச். எந்தக் கல்லூரி தாங்கும்?

நடுவழிதான் பூல். நாலு அணிகள் கொண்ட நாலு பூல், அதில் 24 மேட்ச். ஒவ்வொரு பூலிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்கு. அங்கிருந்து 7 மேட்ச். மொத்தம் 31. ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைத்துவிடும்.

ஜெயித்தும் வெளியே போவது எப்படி?

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பூலில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, இன்னோர் அணி. நாலாவது அணி எல்லோரிடமும் தோற்கிறது. ராஜபாளையம் 12 புள்ளி வித்தியாசத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரை வெல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் 5 புள்ளியில் சிவகாசியை வெல்கிறது. சிவகாசியோ 4 புள்ளியில் ராஜபாளையத்தைச் சாய்க்கிறது.

மூன்று அணிகளுக்கும் தலா இரண்டு வெற்றி. இப்போது சர்வதேச விதிப்படி, இந்த மூவர் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம் பார்க்கப்படும். ராஜபாளையம் பிளஸ் 8, சிவகாசி மைனஸ் 1, ஸ்ரீவில்லிபுத்தூர் மைனஸ் 7. சிவகாசியை நேரடியாக வென்ற ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போகிறது!

ராஜபாளையத்திடம் 12-க்குப் பதில் 5 புள்ளியில் தோற்றிருந்தால்? கணக்கு பிளஸ் 1, பூஜ்யம், மைனஸ் 1 என மாறி, ஸ்ரீவில்லிபுத்தூர் உள்ளே வந்திருக்கும். அதனால்தான் தோற்பது உறுதியான பிறகும், கடைசி இரண்டு நிமிடத்தில் கோச் தொண்டை கிழியக் கத்துகிறார்.

இதில் ஆபத்தும் இருக்கு. அடுத்த சுற்றில் லேசான எதிரணி கிடைக்கும் என்று வேண்டுமென்றே தோற்கும் ஆசை பூல் முறையில் வரும். ஒரு பூலின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவதும், காலிறுதி ஜோடிகளைப் பூல் முடிந்த பிறகு குலுக்கிப் போடுவதும் அதற்குத் தடை.

பக் பெயரில் இன்றும் நந்தனத்தில் நினைவுப் போட்டிகள் நடக்கின்றன. அவர் பெயரே தெரியாத ஊர்களிலும் ஒரு பி.டி. சார் ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்து, யாரும் ஒரே மேட்ச்சோடு திரும்பிப் போகாதபடி கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். 1920-ல் மெட்ராஸில் தொடங்கியது அந்தப் படிப்பு.