மேடைக் குரலும் மக்கள் குரலும்: கே.பி. ஜானகியம்மாள்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தோற்றுவித்த நகர் மதுரை. சுவாமிகள் 1922இல் மறைந்த பின்னரும் அந்நகரின் இரவுகள் நாடகப் பாட்டால் நிறைந்திருந்தன. அம்மதுரையில் 1917இல் பிறந்தவர் கே.பி. ஜானகியம்மாள். எட்டு வயதில் தாயை இழந்து பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த அவருக்கு, கற்ற இசையே பிழைக்கும் வழியாயிற்று. பழனியாப்பிள்ளை பாய்ஸ் கம்பெனியில் மாதம் 25 ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்தவர், 300 ரூபாய் பெறும் கதாநாயகியாக உயர்ந்தார். அக்கம்பெனியின் ஆர்மோனியக் கலைஞர் குருசாமியை மணந்தார்.

மேடையேறிய பெண்ணின் பாட்டுக்கு விடிய விடியக் காத்திருந்த ஊரே, விடிந்தபின் அவளை மதிக்க மறுத்த காலம் அது. ஆங்கில அரசோ 1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் எந்த நாடகத்தையும் தடுக்கும் அதிகாரம் பெற்றிருந்தது. ஆயினும் புராணக் கதையின் நடுவே பாட்டுக்கு இடம் இருந்தது. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் காட்சியில் விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு யாரைக் குறித்தது என்பதை அவையோர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு பாடிப் பலமுறை சிறை புகுந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ். அவர் பிறந்த குலத்தைச் சுட்டி நடிகையர் பலர் உடன் நடிக்க மறுத்தபோது, ஜானகியம்மாள் துணிந்து நடித்தார். அந்நியராட்சிக்கு எதிரான மேடையே சாதிக்கு எதிரான மேடையும் ஆயிற்று.

1936இல் காங்கிரசில் சேர்ந்த ஜானகியம்மாள், 1940இல் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தார். பொதுக்கூட்டங்களில் முதலில் பாடுவார், பின்னர்ப் பேசுவார். பாட்டுக்காகக் கூடியவர்கள் பேச்சுக்காகவும் நின்றனர். இரண்டாம் உலகப் போரை எதிர்த்துத் திருநெல்வேலியில் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறைப்படுத்தப்பட்டார். தென்னிந்தியாவில் அச்சட்டத்தால் கைதான முதற் பெண்மணி என்று குறிக்கப்பெறுபவர் அவரே.

நாடகம் ஈட்டித் தந்த நகைகளும் பட்டுப் புடவைகளும் இயக்கத்தின் செலவுக்காக விற்கப்பட்டன. கதாநாயகியாய் ஒளிவிளக்கின்கீழ் நின்றவர், மதுரையை அடுத்த துவரிமானின் வயல்வெளியில் குத்தகை உழவர்களோடு நின்றார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதி மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். பின்னர்ப் பாப்பா உமாநாத்துடன் இணைந்து தமிழகத்தில் சனநாயக மாதர் இயக்கத்தைக் கட்டியெழுப்பினார். 1992 மார்ச் 1ஆம் நாள் மறைந்தார். பெயர் சொல்லாமல் ‘அம்மா’ என்றே தொண்டர்கள் அவரை அழைத்து வந்தனர்.

அரசியலுக்காகக் கலையைத் துறந்தவர் என்று அவரைக் கூறுவது பொருந்தாது. துறந்தது கலை தந்த வருவாயையும் புகழையுமே. கூலிக்குப் பாடிய குரலும் குத்தகை உழவர்க்காக எழுந்த குரலும் ஒன்றுதான். எழுதியும் பாடியும் வாழ்வோர், தம் குரல் யாருக்கு உரியது என்று கேட்டுக்கொள்ளும்போதெல்லாம் நினைக்கத்தக்க வாழ்வு அது.