மதத்துரோகி எனப்பட்ட சக்கரவர்த்தி

ரோம சாம்ராஜ்யத்தை ஆண்ட சக்கரவர்த்திகளுள் ஜூலியனுக்கு ஒரு விசேஷ அடைமொழி வாய்த்திருக்கிறது. கிறிஸ்தவ ஆசிரியர்கள் அவனை மதத்துரோகி என்றே எழுதி வந்தனர். பொதுச் சரித்திர நூல்களிலும் அப்பெயர் நிலைத்துவிட்டது. அரசனுக்கு விரோதமாகக் கலகஞ் செய்து விலகுவதைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல்லே, பிற்பாடு மதத்தை விட்டு விலகுவதற்கும் வழங்கலாயிற்று. ஆகவே அச்சொல்லிலேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. அத்தீர்ப்பை அப்படியே ஏற்க நமக்கு மனம் வரவில்லை.

ஜூலியன் 331-ஆம் வருஷத்தையொட்டிப் பிறந்தவன். கிறிஸ்தவ மதத்துக்கு ராஜாங்க ஆதரவளித்த முதல் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி அவனுக்குப் பெரிய தகப்பன். அச்சக்கரவர்த்தி 337-ல் காலமானதும் தலைநகரத்துச் சிப்பாய்கள் அரச குடும்பத்து ஆண்மக்களை வெட்டி வீழ்த்தினர். ஜூலியனின் தந்தையும் அதில் மாண்டான். ஜூலியன் சிறு குழந்தை; அவன் தமையன் காலஸோ நோயாளி. அதனாலேயே இருவரும் பிழைத்தனர். அக்கொலையால் லாபமடைந்து அரியணையில் நிலைத்தவன் கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்ஷியஸ். மகா கிறிஸ்தவ பக்தன். தன் தந்தையைக் கொன்றவன் அவனே என்பது ஜூலியனின் திடமான எண்ணம்.

அந்தச் சக்கரவர்த்தியின் காவலிலேதான் ஜூலியன் வளர்ந்தான். கப்படோசியாவில் ஜன சஞ்சாரமற்ற ஓர் அரண்மனையில் ஆறு வருஷம் கழித்தான். வேதாகமத்தைக் கசடறக் கற்று, திருச்சபையில் வேதம் வாசிக்கும் பதவியையும் பெற்றான். அறியாமையால் விலகினான் என்று அவனைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. சுமார் இருபது பிராயத்தில், எபேசு நகரத்து மாக்ஸிமஸ் என்னும் தத்துவ ஞானியின் உபதேசத்தால் பழைய கிரேக்க தெய்வங்களிடம் அவன் உள்ளம் திரும்பியது. அதைப் பத்து வருஷம் மறைத்து வைத்திருந்தான். 354-ல் கான்ஸ்டான்ஷியஸ் காலஸையும் சிரச்சேதம் செய்வித்தான். வாய் திறந்தால் தன் தலையும் போகும் என்பதை ஜூலியன் அறிவான். 361-ஆம் வருஷத் தொடக்கத்தில்கூட, காலியா நாட்டு வியன் நகரத்துக் கிறிஸ்தவ ஆலயத்துக்குத் திருநாளன்று சென்று பிரார்த்தனை செய்தான். துரோகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்த வேஷத்தைத்தான் சொல்லலாம். ஆனால் அதை அவனுக்குப் பூட்டியவர்கள் யார்?

இதற்கிடையில், புஸ்தகப் பூச்சியென்று அரண்மனையார் பரிகசித்த அவ்வாலிபனை 355-ல் இளவரசாக்கி, பெரும்பாலும் இன்றைய பிரான்ஸாகிய காலியாவுக்கு அனுப்பினார்கள். 357-ல் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஜெர்மானியரை முறியடித்தான். அந்நாட்டில் தலைக்கு 25 பொற்காசாயிருந்த வரி, அவன் விட்டுச் சென்றபோது 7 ஆகக் குறைந்திருந்தது. 360-ல் பாரிஸில் சிப்பாய்கள் அவனைக் கேடயத்தின் மேல் தூக்கிச் சக்கரவர்த்தியென்று கோஷித்தனர். மறு வருஷம், யுத்தம் நேருமுன் கான்ஸ்டான்ஷியஸ் நோயால் இறந்தான். வேஷம் கலைந்தது.

அரியணை ஏறிய ஜூலியன் பழைய கோயில்களைத் திறந்தான். நாடு கடத்தப்பட்டிருந்த மேற்றிராணிமாரைத் திரும்பவும் அழைத்தான். கிறிஸ்தவர்களைக் கொல்லும்படி அவன் கட்டளையிடவில்லை. கலிலேயர் என்று தான் ஏளனமாக அழைத்த அவர்களுடைய பலம் ஏழைகளுக்கு அன்னமிடுவதில் இருக்கிறதென்று கண்டு, தன் பூசாரிகளும் அவ்வாறே செய்ய வேண்டுமென்று வற்புறுத்தினான். அலெக்ஸாண்டிரியாவில் ஜனக்கும்பல் மேற்றிராணியாரைக் கொன்றபோது மட்டும் வெறுங் கண்டனக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டான். இது அரசனுக்கு அழகன்று.

இதனினும் பெரிய தவறு 362-ல் நேர்ந்தது. ஹோமர் முதலியோர் பாடிய தெய்வங்களை நம்பாதவர்கள் அவர்களுடைய நூல்களைப் போதிக்கலாகாதென்று கிறிஸ்தவ உபாத்தியாயர்களை விலக்கினான். பழைய தெய்வங்களை வணங்கியவனும் ஜூலியனைப் பெரிதும் போற்றியவனுமான அம்மியானஸ் என்ற சரித்திரக்காரனே இதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறான். ரோமாபுரியில் விக்டோரினஸ் என்றொரு பிரசித்த பண்டிதர் இருந்தார். பழைய தெய்வங்களை நெடுங்காலம் வணங்கி, முதிர்ந்த வயதில் சபையறிய ஞானஸ்நானம் பெற்றவர். இச்சட்டத்தால் அவர் தமது ஆசிரியப் பதவியைத் துறந்தார். ஒருவன் கிறிஸ்துவை விட்டுப் பழைய தெய்வங்களிடம் போனான். மற்றவர் அத்தெய்வங்களை விட்டுக் கிறிஸ்துவிடம் வந்தார். இருவர் செய்ததும் ஒன்றே. தன் மனச்சாட்சிக்குக் கோரிய சுதந்திரத்தை விக்டோரினஸுக்கு முழுமையாக அளிக்க ஜூலியனுக்கு மனம் வரவில்லை. அவன் மதம் மாறியதைக் காட்டிலும் இதுவே நமக்குப் பெருங் குற்றமாகப் படுகிறது.

அந்தியோகியா நகரத்தார் அவனுடைய தாடியையும் ஓயாத பலிகளையும் கேலி செய்தனர். அவனும் தன் தாடியையே பரிகசித்து ஒரு நூல் எழுதிப் பழி தீர்த்துக்கொண்டான். வேறு சக்கரவர்த்தியாயிருந்தால் தலைகள் உருண்டிருக்கும். 363-ல் பாரசீகத்தின் மேல் படையெடுத்து, ஜூன் 26-ஆம் தேதி ஈட்டி பாய்ந்து இறந்தான். ஆண்டது சுமார் இருபது மாதம். கிறிஸ்துவே வென்றாரென்று அவன் சாகும்போது ஒப்புக்கொண்டதாக அடுத்த நூற்றாண்டில் ஒரு கதை பிறந்தது. அப்படையெடுப்பில் உடன் சென்ற அம்மியானஸுக்கு அது தெரியாது.

381-ல் தியோடோஸியஸ் சக்கரவர்த்தி, கிறிஸ்தவ மதத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்புவோருக்கு உயில் எழுதும் உரிமையில்லையென்று சட்டமியற்றினான். கலிலேயருக்கு விரோதமாக ஜூலியன் எழுதிய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதை மறுப்பதற்காக அலெக்ஸாண்டிரியா மேற்றிராணியாரான சிரில் எடுத்துக்காட்டிய பகுதிகளிலிருந்தே அதன் வாதங்களை நாம் பெரும்பாலும் அறிகிறோம்.